என்கவுன்ட்டர் – சொல் விளக்கம்

'பிரபல ரவுடி என்கவுன்ட்டர்' என்று டிவியில் செய்தி ஓடினால், ஆள் இறந்துவிட்டார் என்று நமக்குத் தானாகவே புரிகிறது. ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லுக்குள் சாவும் கிடையாது, துப்பாக்கியும் கிடையாது. 'எதிராக' என்று பொருள்படும் 'கான்ட்ரா' என்ற லத்தீன் சொல்லில் பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. எதிர்ப்படுதல், எதிர்பாராமல் சந்தித்தல், எதிரியோடு பொருதுதல் என்பவைதான் மூலப் பொருள்கள். போலீஸ் சுட்டு ஒருவர் சாவதை அதன் தலையில் ஏற்றியது நம் துணைக்கண்டத்து வழக்கு.

நாளிதழ்கள் இதை 'மோதல்' என்று எழுதுகின்றன. அகராதிப்படி சரி. ஆனால் வேற்றுமை உருபைக் கவனியுங்கள். ஒருவரோடுதான் மோத முடியும். நாம் சொல்வதோ, 'அவனை என்கவுன்ட்டர் பண்ணிட்டாங்க'. 'ஓடு' போய் 'ஐ' வந்து உட்கார்ந்துவிட்டது. அதாவது செய்தவர் ஒரு தரப்பு, செய்யப்பட்டவர் இன்னொரு தரப்பு. 'போட்டுட்டாங்க' என்பதற்குச் சட்டை மாட்டிவிட்ட வடிவம்தான் இது. வேடிக்கை என்னவென்றால், காலில் சுட்டால் மட்டும் 'சுட்டுப் பிடித்தனர்' என்று பச்சைத் தமிழில் எழுதிவிடுகிறார்கள்.

நம் குற்றவியல் சட்டங்கள் இதை ஒரு தனி அதிகாரமாகத் தரவில்லை. அவற்றில் இருப்பது தற்காப்பு. தன் உயிரோ பிறர் உயிரோ போகும், அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான அச்சம் இருந்தால், தாக்குபவரைக் கொல்ல நேர்ந்தாலும் குற்றமாகாது. தேவைக்கு மேல் போகக்கூடாது, அவ்வளவுதான். இந்த உரிமை உங்களுக்கும் எனக்கும்கூட உண்டு. கைதை எதிர்ப்பவரைப் பிடிக்கத் தேவையான வழிகளைக் கையாளலாம் என்று தனியாக ஒரு பிரிவு இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 46ஆம் பிரிவு; 2024இல் அமலுக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டத்தில் 43ஆம் பிரிவு. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாதவரின் உயிரை எடுக்க அது உரிமை தராது. செயினை அறுத்துக்கொண்டு ஓடுபவனைப் பின்னாலிருந்து சுட்டுக் கொல்ல இதில் இடமில்லை.

2014இல் உச்ச நீதிமன்றம் இதற்கு நெறிமுறைகள் வகுத்தது. எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், சிஐடியோ வேறு காவல் நிலையத்தின் குழுவோ விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணையும் வேண்டும். சம்பவம் நடந்த சூட்டோடு சூடாகப் பதக்கமோ பதவி உயர்வோ கொடுக்கக் கூடாது.

சரி, தமிழில் என்ன எழுதலாம்? விசாரணை முடியும்வரை 'போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் சாவு' போதும். இருதரப்பும் சண்டையிட்டது உறுதியானால் 'மோதல் சாவு'. பிடித்து வைத்துச் சுட்டது நிரூபணமானால் நேராகக் 'கொலை'. 'போலி மோதல்' என்ற சொல் எனக்கு ஒப்பவில்லை. இல்லாத மோதலுக்கு எதற்குப் பெயர்?

அவசரப்பட்டு 'மோதல்' என்று எழுதுவதில் என்ன கெடுதல் என்பதற்குக் கேரளத்தில் ஒரு வழக்கு இருக்கிறது. 1970 பிப்ரவரியில் வயநாட்டின் திருநெல்லிக் காட்டில் நக்சலைட் தலைவர் வர்கீஸ் மோதலில் இறந்ததாகப் போலீஸ் சொன்னது. 1998இல் ராமச்சந்திரன் நாயர் என்ற முன்னாள் கான்ஸ்டபிள் வாய் திறந்தார். பிடிபட்ட வர்கீஸை, மேலதிகாரி உத்தரவிட்டதால் தானே சுட்டதாகச் சொன்னார். 2010இல் சிபிஐ நீதிமன்றம் அந்த மேலதிகாரியான, ஓய்வுபெற்ற ஐ.ஜி. லட்சுமணாவுக்கு ஆயுள் தண்டனை விதித்தது.