புடவைகளில் இருபக்கப் போர்வை: கத்திரி வைக்கும் முன்

அம்மாவின் புடவைகளைப் பையில் போட்டுக்கொண்டு என் தையலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றையேதான் கேட்கிறார்கள். "இந்தப் பக்கம் அம்மா கட்டியது, அந்தப் பக்கம் பாட்டி கட்டியது. திருப்பிப் போட்டால் வேறு போர்வை போல இருக்க வேண்டும்." கேட்க எளிதாக இருக்கிறது. 14 ஆண்டுகளாகக் கோவையில் இந்த வேலையைச் செய்கிறேன். இன்றும் இப்படி ஒரு பை மேசைக்கு வந்தால் அன்றைக்கே கத்திரியை எடுப்பதில்லை.

சாதாரண குயில்ட்டில் மேலே ஒட்டுத்துணி, நடுவே பஞ்சு விரிப்பு, அடியில் ஒரே துணி. தையல் கோணினாலும் முடிச்சு தெரிந்தாலும் அடிப்பக்கம் தாங்கிக்கொள்ளும். இருபக்கப் போர்வைக்கு அடிப்பக்கம் என்று ஒன்று கிடையாது. வங்காளத்துக் காந்தா வேலையில் 'தோருகா' என்றொரு வகை உண்டு. பழைய புடவைகளை அடுக்கி, இரண்டு முகத்திலும் ஒரே உருவம் தெரியும்படி ஓட்டுத்தையல் போடுவார்கள். அந்தப் பெண்களின் கை எவ்வளவு நிதானமாக ஓடியிருக்க வேண்டும் என்பது, ஒரு முழம் தைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

தொழிலுக்கு வந்த மூன்றாவது ஆண்டில் ஒரு தவறு செய்தேன். அரக்கு நிறப் பருத்திப் புடவை ஒரு பக்கம், சந்தன நிறப் புடவை மறுபக்கம். பழைய புடவைதானே, போக வேண்டிய சாயமெல்லாம் எப்போதோ போயிருக்கும் என்று சோதிக்காமல் தைத்துவிட்டேன். அது பண்டிகைக்கு மட்டும் கட்டிய புடவை. பெட்டியில் இருந்த காலமே அதிகம். முதல் துவைப்பிலேயே சந்தனம் முழுக்க இளஞ்சிவப்புத் திட்டுகள். அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை, போர்வையை மடித்து எடுத்துக்கொண்டு போனார். திட்டியிருந்தால் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஆகவே சாயச் சோதனையைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். புடவையின் ஒரு மூலையை நனைத்து, அதன் மேல் வெள்ளைத் துணியை வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால், அந்தப் புடவையைத் தனியாக, தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்ப அலசுங்கள். அப்போதும் நிறம் விட்டால் அதை வெளிர்த்துணியோடு சேர்க்கவே கூடாது. கல் உப்பில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். சாயப் பட்டறையில் உப்பு போடுவது சாயத்தை நூலின் பக்கம் தள்ளுவதற்காக. துணியில் ஒட்டாமல் மிஞ்சிய சாயத்தை அது கட்டிவைக்காது.

அடுத்தது சுருக்கம். புதுப் பருத்தி முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கலாம். பலமுறை துவைத்த புடவை அநேகமாகச் சுருங்காது. இரண்டையும் அப்படியே சேர்த்துத் தைத்தால் ஒரு முகம் இழுத்துக்கொள்ளும், மறுமுகம் கொப்புளம் கொப்புளமாக நிற்கும். புதுத்துணியை முன்பே நனைத்துக் காயவைப்பதற்கு ஒரு நாள்தான் ஆகும். புடவையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பதும் அன்றைக்கே நடக்கட்டும்: நூல் நைந்த இடம் சல்லடை போலத் தெரியும். அதை ஒதுக்கிவிடுங்கள், அது அம்மாவின் புடவையானாலும். சரிகையை முகத்தில் படும் ஓரத்துக்குக் கொண்டுவராதீர்கள், உரசும். பட்டுத் துணியையும் பருத்தியையும் ஒரே போர்வையில் சேர்க்க நான் ஒப்புக்கொள்வதில்லை. துவைக்கும் முறையே இரண்டுக்கும் வேறு.

இனி தையல். மேல்முகத்தின் இணைப்புக் கோடும் கீழ்முகத்தின் இணைப்புக் கோடும் ஒரே இடத்தில் விழுந்தால் அங்கே துணி மலைபோல் திரளும், ஊசி உடையும். நான் கீழ்முகத்து ஒட்டுத்துண்டுகளை வேண்டுமென்றே நான்கைந்து அங்குலம் தள்ளி அமைக்கிறேன். நூலிலும் கவனம் தேவை. மேலே வெள்ளை, கீழ்நூல் சுற்றும் பாபினில் கறுப்பு என்று போட்டால், இழுவிசை சற்று மாறினாலும் எதிர்ப்பக்க நூல் புள்ளி புள்ளியாக எட்டிப்பார்க்கும். மெல்லிய நூலாக, இரண்டு முகத்துக்கும் பொதுவான நடுநிறமாக எடுங்கள். வீணான துண்டில் ஒரு சாண் தைத்துப் பார்த்த பிறகே போர்வையில் கை வையுங்கள்.

வீட்டுத் தையல் இயந்திரத்தில் முழுப் போர்வையைத் திணித்துத் தைப்பது தோளுக்கும் கேடு, துணிக்கும் கேடு. 12 அங்குலக் கட்டங்களாகத் தனித்தனியே பஞ்சு வைத்து, தைத்து, சீராக வெட்டி, பிறகு பட்டிகளால் இணைப்பதே இருபக்க வேலைக்கு நல்ல வழி. முதல் கட்டத்தின் ஓரத்தில், மேலே ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான ஒற்றைப் பட்டி, கீழே ஒன்றேமுக்கால் அங்குலத்தில் வெட்டி நீளவாக்கில் இரண்டாக மடித்த பட்டி. மூன்றையும் சேர்த்துக் கால் அங்குலத்தில் ஒரே தையல். மேல்பட்டியின் மறு ஓரம் அடுத்த கட்டத்தோடு சேரும், அதுவும் கால் அங்குலம். விரித்தால் இரண்டு கட்டத்துப் பஞ்சும் பட்டிக்கடியில் முட்டிக்கொண்டு உட்கார வேண்டும். பிறகு திருப்பி, மடித்த பட்டியை இணைப்பின் மேல் சாய்த்து, கைத்தையலால் மூடுங்கள். அந்தக் கைத்தையலுக்கு அவசரம் ஆகாது.

அடுக்குகள் நகராமல் குத்தும் ஊக்குகளை எண்ணிக் குத்துங்கள். 120 போனால் 120 திரும்பி வர வேண்டும். உடைந்த ஊசியின் முனை கிடைக்கும்வரை அந்தத் துண்டு என் மேசையை விட்டு நகராது.

பிறந்த குழந்தைக்கென்று கேட்டு வருகிறவர்களிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்லிவிடுகிறேன். முதல் ஓராண்டு, குழந்தை தூங்கும் இடத்தில் குயில்ட் போன்ற மெத்தென்ற விரிப்பும் போர்வையும் கூடாது. முகத்தை மூடினால் விலக்கிக்கொள்ள அதற்குத் தெரியாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமியின் பரிந்துரையும் இதுவே. ஆசையோடு வந்த பாட்டிமார்களுக்கு இதைக் கேட்டதும் முகம் வாடிவிடும். அவர்கள் கொண்டுவந்த புடவையில் பஞ்சு குறைத்து, தரையில் விரிக்கும் சிறு விரிப்பாகத் தைத்துக் கொடுக்கிறேன். குழந்தை விழித்திருக்கும்போது, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, அதில் குப்புறப் படுத்து விளையாடட்டும்.