கருவிகளைக் குறைத்துப் பாடல் செய்வோர் கவனத்துக்கு

வீட்டிலேயே பாடல் பதிவு செய்து மிக்சிங்குக்கு (தனித்தனி ஒலிகளைச் சமன்செய்து கலப்பதற்கு) அனுப்பும் இளைஞர்களில் பலர், அண்மைக் காலமாக ஒரு கிட்டார், ஒரு குரல், மெல்லிய தாளம், மிச்சத்துக்கு ரிவெர்ப் (பெரிய கூடத்தில் பாடியதுபோல் ஒலியை நீளவைக்கும் விளைவு) என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்தச் சிக்கனத்தை நான் குறை சொல்லவில்லை. அது எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்று அறிந்து செய்யுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இவ்வகைக்கு இன்றும் முன்மாதிரியாகக் காட்டப்படுவது, லண்டனைச் சேர்ந்த ‘தி எக்ஸ்எக்ஸ்’ குழு 2009இல் வெளியிட்டு, அடுத்த ஆண்டு பிரிட்டனின் மெர்க்குரி இசைப் பரிசு பெற்ற முதல் ஆல்பம். ரோமி மேட்லி கிராஃப்டும் ஆலிவர் சிம்மும் அடங்கிய குரலில் மாறி மாறிப் பாட, கிட்டார் பெரும்பாலும் ஒற்றை ஸ்வரங்களாகவே நகர்கிறது. கார்டுகளை (ஒன்றாக ஒலிக்கும் பல ஸ்வரங்களை) அடுக்கி இடத்தை நிரப்பாததால் பாஸ் கிட்டாரின் மெட்டு தனித்துக் கேட்கிறது, பாடுபவரின் மூச்சும் பாடலில் சேர்ந்துகொள்கிறது. ஒலிகள் ஒன்றையொன்று மறைக்காத இடத்தில் குரலை உயர்த்தவேண்டிய தேவையே எழுவதில்லை.

ஆனால் நெரிசலான பாடலில் காதில் படாத சுருதிப் பிசகு, தந்தியில் விரல் உரசும் ஓசை, மின்விசிறியின் இரைச்சல் எல்லாம் இங்கே முன்னால் வந்து நிற்கும். அவற்றை மூட ரிவெர்பைக் கூட்டுவோர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 100 தட்டு என்ற வேகத்தில் ஒரு தட்டுக்கு 600 மில்லிசெகண்ட். ரிவெர்ப் 3 செகண்ட் நீண்டால், ஒரு சொல்லின் வால் ஐந்து தட்டுகள் வரை இழுபட்டு, அடுத்து வரும் சொற்களின் மேல் படிகிறது. இடம் வேண்டும் என்று கருவிகளை நீக்கியவரே அந்த இடத்தைப் புகையால் நிரப்பிவிடுகிறார்.

பாஸ் கிட்டாரின் தடித்த தந்தியை எங்கும் விரல் அழுத்தாமல் மீட்டினால் எழும் அதிர்வெண் சுமார் 41 ஹெர்ட்ஸ். கைபேசி ஸ்பீக்கர் அதை ஒலிக்காது. நான்கே ஒலிகள் உள்ள பாடலில் ஒன்று காணாமற்போனால் பாடலே நொண்டும். பாஸுக்குச் சிறிது சாச்சுரேஷன் (ஒலியை லேசாகச் சிதைக்கும் விளைவு) கொடுத்து மேல் ஹார்மோனிக்ஸை (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளில் எழும் ஒலிகளை) எழுப்பினால், விடுபட்டதைக் காது ஊகித்துக்கொள்ளும்.

மெட்டு மெலிந்திருந்தால் மட்டும் செய்வதற்கு ஒன்றுமில்லை. அதே குழுவின் 2012ஆம் ஆண்டு ஆல்பத்தில், என் காதுக்கு, சிக்கனம் பழக்கமாகிப் பாடலுக்குப் பாடல் வேறுபாடு மங்கிவிட்டது. 2017இல் வந்த மூன்றாவதில் அவர்கள் சாம்பிள்களையும் (வேறு பதிவுகளிலிருந்து எடுத்த ஒலித்துண்டுகளையும்) நடனத் தாளங்களையும் தாராளமாகவே சேர்த்துக்கொண்டார்கள். எனவே அனுப்பும் முன் ரிவெர்பை முழுவதும் அணைத்து, இரண்டாம் சரணம் வரை சலிப்பின்றிப் போகிறதா என்று கேட்டுப் பாருங்கள். அந்த வெறும் குரல் ட்ராக்கையும் தனிக் கோப்பாக அனுப்புங்கள். குரலோடு கலந்து பதிவாகிவிட்ட ரிவெர்பைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.