கட்டம் போட்ட லுங்கிக்குள் ஒரு புகைப்படம்

ஆந்திராவில் நகரியை ஒட்டிய நம் நெசவூர் ஏகாம்பரகுப்பத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஐயா, தங்கையின் கல்லூரி விண்ணப்பத்துக்கு நகரி மலை பின்னால் தெரியும்படி ஒரு படம் எடுத்தேன். இணையதளம் அதை ஏற்கவில்லை. கோப்புப் பெயரின் கடைசியில் எச்இஐசி என்று இருந்தது. அதை அழித்து ஜேபிஜி என்று மாற்றினேன். அப்போதும் 'செல்லாத கோப்பு' என்றே வருகிறது. போனில் வைரஸ் இருப்பதாக நெட் சென்டர்காரர் சொல்கிறார். உண்மையா?"

வைரஸ் ஒன்றும் இல்லை, அம்மா. வீட்டில் தமிழும் ரேஷன் கார்டில் தெலுங்குமாக வாழ்கிற நமக்கு இது சட்டென்று புரிய வேண்டும். தமிழில் எழுதிய மனுவின் தலையில் 'இது தெலுங்கு மனு' என்று ஒரு சீட்டை ஒட்டி நீட்டினால், தமிழ் தெரியாத குமாஸ்தா அதைப் படித்துவிடுவாரா? நீங்கள் செய்தது சீட்டு ஒட்டும் வேலை. உள்ளே இருக்கும் எழுத்து மாறவில்லை.

கோப்பு என்பது பைட்டுகளின் வரிசை, ஒவ்வொரு பைட்டும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண். கோப்பின் உண்மையான அடையாளம் அதன் முதல் சில பைட்டுகளில் இருக்கிறது. ஜேபெக் படம் (ஜேபிஜி என்பதும் இதுதான்) எதுவானாலும் 255, 216 என்ற இரண்டு எண்களோடுதான் தொடங்கும். எச்இஐசி கோப்பில் ஐந்தாவது பைட்டிலிருந்து எஃப்-டி-ஒய்-பி என்ற நான்கு எழுத்துகளும், அவற்றை அடுத்துப் பெரும்பாலும் எச்-இ-ஐ-சி என்ற நான்கு எழுத்துகளும் வரும். விவரமான மென்பொருள்கள் பெயரை நம்பாமல் இதைத்தான் பார்க்கின்றன.

சரி, இத்தனை வடிவங்கள் எதற்கு? கணக்கைப் பாருங்கள். 12 மெகாபிக்சல் படம் ஒன்றில் 4032க்கு 3024 புள்ளிகள், அதாவது ஒரு கோடியே இருபத்தோரு லட்சத்துக்கு மேல். புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட்டுகள் வைத்தால் 36 எம்பியைத் தாண்டிவிடும். போனில் அதே படம் ஜேபெக்காக மூன்று நான்கு எம்பியில் அடங்குகிறது. எச்இஐசியாக இருந்தால் ஏறக்குறைய அதிலும் பாதி. மீதியெல்லாம் எங்கே போயிற்று?

கொஞ்சம் நிறத்தில் போயிற்று. நம் கண் வெளிச்ச வேறுபாட்டை நுணுக்கமாகப் பார்க்கும், நிற வேறுபாட்டில் அத்தனை கூர்மை கிடையாது. ஆகவே ஒளியை ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாக எழுதிவிட்டு, நிறத்தை நான்கு புள்ளிகளுக்குப் பொதுவாக எழுதுகிறார்கள். இதிலேயே பாதி குறைந்துவிடுகிறது.

மிச்ச வேலையைச் செய்யும் தந்திரம் இருக்கிறதே, அதைப் பற்றிப் பேச எனக்கு அலுப்பதே இல்லை. தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு அதை விளக்குவதும் சுலபம்.

கட்டம் போட்ட லுங்கி ஒன்றை நெய்யச் சொல்லி ஆர்டர் வந்தால், ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு நூலைச் சந்திக்கிற இடத்தில் என்ன நிறம் என்று யாராவது எழுதி வைத்துக்கொள்வார்களா? பாவில், அதாவது நீளவாட்டு நூலில், நிறங்கள் எந்த வரிசை, ஊடையில், அதாவது குறுக்கு நூலில், எந்த வரிசை, இந்த இரண்டைச் சொன்னால் போதும். துணி முழுவதும் அதிலிருந்து தானாக வந்துவிடும்.

ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு சதுரத்துக்கும் எட்டு வகைப் பாவும் எட்டு வகை ஊடையும் கையில் வைத்திருக்கிறது. முதல் வகையில் கோடே கிடையாது, ஒரே நிறம். இரண்டாவது வகை ஒரு முனையில் வெளுப்பாகத் தொடங்கி மறு முனையில் கருமையாக முடியும். மூன்றாவதில் வெளுத்துக் கறுத்து மறுபடி வெளுக்கும். இப்படியே நெருங்கிக்கொண்டே போய், எட்டாவதில் ஒன்று விட்டு ஒன்று கறுப்பும் வெளுப்புமாக மாறி மாறி வரும். இந்த ஏற்ற இறக்கம் எல்லாமே பள்ளியில் படித்த கொசைன் அலைதான். எட்டுப் பாவும் எட்டு ஊடையும் குறுக்கிட்டால் அறுபத்து நான்கு கட்ட வடிவங்கள் கிடைக்கின்றன. உலகத்தில் நீங்கள் எடுக்கிற எந்தப் படத்தின் எந்த எட்டுக்கு எட்டுச் சதுரத்தையும், இந்த அறுபத்து நான்கைத் தகுந்த அளவில் கூட்டியும் கழித்தும் துல்லியமாகப் பெற்றுவிடலாம். உங்கள் தங்கையின் மூக்குத்தியும் அதில் அடக்கம்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். 64 புள்ளிகளுக்குப் பதிலாக 64 அளவுகள். இதில் என்ன மிச்சம்? ஒன்றும் மிச்சமில்லை. இதுவரை ஒரு பைட்கூடக் குறையவில்லை. நடந்திருப்பது வேறு. புள்ளிகளாக இருந்தபோது அறுபத்து நான்கும் ஒரே மதிப்புள்ளவை, எதைத் தூக்கி எறிந்தாலும் படத்தில் ஓட்டை விழும். கட்ட வடிவங்களாக மாறியதும் கனமெல்லாம் சிலவற்றில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நகரி மலைக்கு மேலே உள்ள வானத்திலிருந்து ஒரு சதுரத்தை எடுத்தால், முதல் வடிவத்தின் அளவு பெரிதாக இருக்கும், அடுத்த ஓரிரண்டு சிறிதாக இருக்கும், மற்றவை சுழியை ஒட்டிக் கிடக்கும்.

அப்புறம்தான் வெட்டு. ஒவ்வொரு அளவையும் ஓர் அட்டவணையிலுள்ள எண்ணால் வகுத்து முழு எண்ணாக்குகிறார்கள். ஜேபெக் தரநிலை ஆவணம் எடுத்துக்காட்டாகத் தரும் அட்டவணையில் முதல் எண் 16, கடைசி எண் 99. முதல் வடிவத்தின் அளவு 243 என்றால், 16ஆல் வகுத்து 15 என்று எழுதப்படும். படத்தைத் திறக்கும்போது அது 240 ஆகத் திரும்பும். அந்த மூன்றின் குறையைக் கண்டுபிடிக்கிற கண் எனக்கு இல்லை. மிக நெருக்கமான கடைசி வடிவத்தின் அளவு 37 என்றால், 99ஆல் வகுத்தால் பாதிக்கும் கீழே. சுழி என்று எழுதிவிடுவார்கள். வானத்துச் சதுரத்தில் மூன்று நான்கு எண்களுக்குப் பிறகு 'இனி எல்லாம் சுழி' என்று ஒரே குறியோடு முடிந்துவிடும்.

இந்தக் கொசைன் உருமாற்றத்தைக் கண்டவர் பெங்களூரில் 1940இல் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர், இதை ஆராய நிதி கேட்டு 1972இல் அந்நாட்டு தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். கருத்து மிக எளிமையாக இருக்கிறது என்பது ஒரு காரணம்! அவர் விடவில்லை. மாணவர் டி. நடராஜனையும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த நண்பர் கே. ஆர். ராவையும் சேர்த்துக்கொண்டு 1974 ஜனவரியில் நான்கே பக்கக் கட்டுரையாக வெளியிட்டார். 1992இல் ஜேபெக் தரநிலை அதன் மேல்தான் எழுந்தது. நிதிக் குழுக்களில் உட்கார்ந்து 'உடனடிப் பயன் என்ன?' என்ற கட்டத்தை நிரப்பச் சொல்கிறவர்கள், தங்கள் பேரப்பிள்ளைகளின் படத்தைப் போனில் பார்க்கும்போதாவது இதை நினைத்துக்கொள்ளட்டும்.

போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று என் பாட்டி கடைசிவரை கேமராவுக்கு முகம் காட்டவில்லை. அந்த நம்பிக்கையின் பேத்தி ஒன்று படித்தவர்களிடையே உலவுகிறது: ஜேபெக் படத்தைத் திறக்கத் திறக்கத் தேய்ந்துவிடுமாம். தேயாது. திறந்தாலும் நகலெடுத்தாலும் ஒரு பைட்கூட மாறாது. திருத்தி மறுபடி சேமித்தால்தான் வகுத்தலும் சுழியாக்குதலும் மீண்டும் நடந்து நஷ்டம் சேரும்.

எச்இஐசிக்கு வருவோம். 2013இல் வந்த எச்.265 என்ற வீடியோ முறையை ஒற்றைப் படத்துக்குப் பயன்படுத்துவதுதான் இது. 2017இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 11 வந்தபோது ஐபோன்கள் இதற்கு மாறின. இதன் சதுரங்கள் 64க்கு 64 வரை பெரிதாகலாம். அகன்ற வானத்துக்கு ஒரே சதுரம் போதும். அதைவிட முக்கியமானது ஊகம். ஒரு சதுரத்தை எழுதும் முன், மேலேயும் இடப்பக்கமும் ஏற்கெனவே எழுதி முடித்த புள்ளிகளைப் பார்த்து, படம் எப்படித் தொடரும் என்று 35 வழிகளில் ஒன்றைத் தேர்கிறது. அந்த ஊகம் எவ்வளவு தப்பியது என்பதை மட்டும் எழுதுகிறது. தப்பியதை எழுதப் பெரும்பாலும் பயன்படுவது மறுபடியும் அகமதுவின் அதே கொசைன்தான்.

இவ்வளவு நல்ல முறை ஏன் எல்லா இடத்திலும் திறப்பதில்லை? கணிதம் தடையாக இல்லை, காப்புரிமை தடையாக இருக்கிறது. எச்.265க்கு உரிமைத் தொகை கேட்கும் கூட்டமைப்புகள் ஒன்றுக்கு மேல் உண்டு. அதனால் பல உலாவிகள் அதைச் சேர்க்கத் தயங்கின. கட்டணமில்லாத மாற்றாக 2019இல் ஏவிஐஎஃப் என்ற வடிவம் வந்தது. அரசு விண்ணப்பத் தளங்கள் அதையும் ஏற்க இன்னும் எத்தனை ஆண்டு ஆகுமோ. ஜேபெக்கை மட்டும் எல்லோரும் படிக்கிறார்கள்.

ஆகவே, அம்மா, மாற்றிய பெயரைப் பழையபடி ஆக்கிவிடுங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் படமாகவே யாருக்காவது அனுப்பினால் ஜேபெக்காகப் போய்ச் சேரும், அளவு மட்டும் குறையும். விண்ணப்பத்துக்கு அது தாராளம். இனி எடுப்பவற்றுக்கு ஐபோனின் அமைப்புகளில் கேமரா, அதற்குள் ஃபார்மட்ஸ் சென்று 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்பதைத் தொடுங்கள்.

'50 கேபிக்குள்' என்று கேட்டால் தரத்தை நசுக்காதீர்கள். முதலில் முகத்தைச் சுற்றி வெட்டுங்கள். பிறகு புள்ளிகளைக் குறையுங்கள். பாஸ்போர்ட் அளவுக்கு 413க்கு 531 போதும். தரத்தில் கை வைப்பது கடைசி வேலை.

வெட்டி எறிவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். மலை தெரியும் முழுப் படத்தையும் ஒரு தடவை மிகக் குறைந்த தரத்தில் ஜேபெக்காகச் சேமித்து, நகரி மலையின் மூக்குப் போன்ற உச்சி வானத்தைத் தொடுகிற ஓரத்தை விரலால் பெரிதாக்கிப் பாருங்கள். சட்டென்று மாறும் விளிம்புக்கு அறுபத்து நான்கில் பெரும்பாலானவை தேவைப்படும். அவற்றில் பல சுழியாகிவிட்டன. மீந்து நிற்கும் அலைகள், ஒன்றுமே இல்லாத வானத்தில் மலையை ஒட்டி மெல்லிய கோடுகளாக நடுங்கிக்கொண்டிருக்கும். பாவும் ஊடையும் அங்கே வெறும் கண்ணுக்கே தெரியும்.