வன்கொடுமை வழக்கும் தீருதவியும்: எங்கே ஏமாற்றப்படுகிறோம்

1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் 1968இல் கீழ்வெண்மணியில் எரிக்கப்பட்ட 44 தலித்துகளைக் காக்கவில்லை. நீண்ட போராட்டங்களுக்குப் பிறகே 1989இல் பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் காக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதன் கைது விதிகளைத் தளர்த்தி, வழக்குப் பதியும் முன் விசாரிக்கலாம் என்றபோது, ஏப்ரல் 2 அன்று தலித் அமைப்புகள் நாடெங்கும் தெருவில் இறங்கின. அவ்வாண்டே 18ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை.

ஆனாலும் "விசாரித்துவிட்டுச் சொல்கிறோம்" என்று, புகார் வந்ததற்கு ஒப்புகையான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவைப்பது நிற்கவில்லை. அப்படி அனுப்பப்பட்டவர்களோடு பலமுறை காவல் நிலையப் படி ஏறியிருக்கிறேன். அந்த ரசீது வழக்கு அல்ல. வழக்கே பதிந்தாலும், அடிதடிப் பிரிவுகளை மட்டும் போட்டு இச்சட்டத்தை விட்டுவிடுவார்கள். எனவே இலவசமாகத் தர வேண்டிய அறிக்கை நகலைக் கேட்டு வாங்கி, பிரிவுகளைப் படித்துப் பார்த்த பிறகே வீடு திரும்புங்கள். வழக்குப் பதிய மறுத்தால், புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

புகாரில் இரு தரப்பின் சாதியும், சொல்லப்பட்ட இழிசொல் அப்படியே எழுத்திலும், கேட்டவர்களின் பெயர்களும் இருக்க வேண்டும். சாதி சொல்லித் திட்டிய வழக்குகள் பெரும்பாலும் இங்கேதான் உடைகின்றன: பொதுப் பார்வையில் படும் இடத்தில் நடந்ததாகக் காட்டாவிட்டால் அந்தப் பிரிவு நிற்காது. சாதிச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கிறித்தவத்துக்கு மாறிய தலித்துகளைச் சட்டம் பட்டியல் சாதியாக ஏற்பதில்லை. எத்தனை கொடுமை நடந்திருந்தாலும் இச்சட்டத்தின் கதவு அவர்களுக்கு மூடியே இருப்பது பெரும் அநீதி.

தீருதவி, அதாவது பாதிக்கப்பட்டவருக்கு அரசு தரும் நிவாரணத் தொகை, 2016 விதிகளின்படி, குற்றத்தைப் பொறுத்து 85,000 ரூபாய் முதல் 8,25,000 ரூபாய் வரை. "தீர்ப்பு வரட்டும்" என்று அலுவலகத்தில் சொன்னால் நம்பாதீர்கள். கொலை வழக்கில் பிரேதப் பரிசோதனைக்குப் பின் பாதியும், குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் மீதியும் தர வேண்டும். இழிவுபடுத்திய வழக்கில் முதல் தகவல் அறிக்கையோடு கால் பங்கும், குற்றப்பத்திரிகையோடு பாதியும் உரியவை. கடைசிக் கால் பங்கு மட்டுமே தண்டனைக்குக் காத்திருக்கும். உடனடி நிவாரணத்துக்கு ஏழு நாள்தான் கெடு. மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டதற்குக் கோப்பில் தடயம் இருக்காது. பணம் வந்ததும் சமரசத்துக்கு அழைப்பவர்கள் நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள்.

குற்றம் சாட்டப்பட்டவர் ஜாமீன் கேட்டால் உங்களுக்கு முன்கூட்டியே தெரிவித்து, உங்கள் தரப்பையும் கேட்க வேண்டும் என்கிறது இச்சட்டத்தின் 15ஏ பிரிவு. அறிவிப்பு வரும் என்று வீட்டில் காத்திருக்காமல், சிறப்பு அரசு வழக்கறிஞரிடம் வழக்கின் அடுத்த தேதியை நீங்களே கேட்டுக்கொண்டிருங்கள்.