தோற்ற பல்லோடு வாருங்கள்

பல் டாக்டர் தொழிலில் ஒரு வசதி உண்டு. நாம் செய்த தவறு பெரும்பாலும் நம் கண்ணில் படாது. வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்தும் வலி போகாத நோயாளி நம்மிடம் சண்டைக்கு வருவதில்லை. சத்தமில்லாமல் அடுத்த தெரு டாக்டரிடம் போய்விடுவார். நாமோ, ‘அந்த அம்மா அப்புறம் வரவே இல்லையே, சரியாகியிருக்கும்’ என்று நினைத்துக்கொள்வோம். பாளையங்கோட்டையில் பதினொரு வருடம் நானும் அப்படித்தான் நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதியைக் கலைத்தது, நாங்கள் சில பல் டாக்டர்கள் சேர்ந்து நடத்தும் ஸ்டடி கிளப். பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த அடுத்த தெரு டாக்டரோடு மாதம் ஒருமுறை ஒரே மேஜையில் உட்காருவதுதான். எங்கள் குழுவில் பத்துப் பேர். வள்ளியூர், அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில், மேலப்பாளையம் என்று பல ஊர்க்காரர்கள். இரண்டாம் ஞாயிறு காலை வண்ணார்பேட்டையில் ஒருவருடைய கிளினிக்கில் கூடுவோம். காபி, உளுந்த வடைச் செலவு முறை வைத்து. ஒரே ஒரு கட்டுப்பாடு: கூட்டத்துக்கு இரண்டு பேராவது தங்களுக்குச் சரியாக வராத கேஸைக் கொண்டுவர வேண்டும்.

நான் முதலில் கொண்டுபோனது முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் ஓர் அம்மாவின் மேல் கடைவாய்ப் பல். மூன்று வேர், வேருக்குள் நரம்பு ஓடும் கால்வாய் மூன்று, மூன்றையும் சுத்தம் செய்து ஒழுங்காக அடைத்திருந்தேன். எக்ஸ்ரே பார்க்க லட்சணமாக இருந்தது. ஆனாலும் கடித்தால் வலி. நல்ல வேளையாக அவர் என்னிடமே திரும்பி வந்துவிட்டார். எக்ஸ்ரேயை லேப்டாப்பில் போட்டதும், எங்கள் எல்லாருக்கும் அண்ணாச்சியான மூத்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: “தம்பி, இத நேரா மட்டும்தான எடுத்திருக்கீரு? எக்ஸ்ரே குழாயக் கொஞ்சம் சாச்சு ஒண்ணு எடுத்துப் பாரும்.”

அந்தப் பல்லின் கன்னப்பக்க முன்வேரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டாவதாக ஒரு கால்வாய் இருக்கும். நேராக எடுத்த படத்தில் ஒன்றின் பின்னால் ஒன்று ஒளிந்துகொள்ளும். அடுத்த வாரம் சாய்த்து எடுத்தேன். நான் அடைத்த வெள்ளைக் கோடு வேரின் நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாக ஒதுங்கி நின்றது. அப்படியென்றால் இன்னொரு ஓரத்தில் எதுவோ காலியாகக் கிடக்கிறது. லூப் என்கிற பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதிரும் அல்ட்ராசோனிக் முனையால் மெல்லச் சுரண்டிக்கொண்டே போனதில் தலைமுடி நுழைகிற அளவுக்கு ஒரு துவாரம். இதெல்லாம் கல்லூரியில் படித்ததுதான். பரீட்சையில்கூட எழுதியிருக்கிறேன்.

மாநாடுகளைக் குறை சொல்லவில்லை. வெள்ளி இரவு நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்து, இரண்டு நாள் சென்னையில் ஏசி ஹாலில் உட்கார்ந்து, பையும் சர்டிபிகேட்டும் வாங்கிக்கொண்டு திங்கள் காலை இறங்கியிருக்கிறேன். தொடர்கல்விப் புள்ளிகளுக்கு அது வேண்டும். பல் மருத்துவக் கவுன்சில் அங்கீகரித்த நிகழ்ச்சிக்குத்தான் புள்ளி, எங்கள் உளுந்த வடைக்குக் கிடையாது. ஆனால் அந்த மேடையில் யாரும் தோற்ற பல்லைக் காட்டி நான் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிறு முழுக்க, நீராவிச் சூட்டில் கருவிகளின் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவ் பேச்சாகவே போனது. பொட்டலத்தில் ஒட்டும் நாடா கறுத்துவிட்டால் கருவி சுத்தம் என்றுதான் எங்களில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருந்தோம். பொட்டலம் சூட்டுக்குள் போய் வந்தது என்பதைத்தான் நாடா சொல்லும். கிருமி செத்ததா என்று சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள, சூட்டைத் தாங்கும் பாக்டீரியாவின் வித்துகள் தடவிய பட்டையை உள்ளே வைத்து எடுத்து, வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். சேர்ந்து வாங்கினோம், பத்து இயந்திரங்களிலும் வைத்தோம். ஒன்றில் வளர்ந்துவிட்டது. மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தது. யாருடையது என்று சொல்ல மாட்டேன். (என்னுடையது இல்லை.)

இன்னொரு முறை இதய மருத்துவர் ஒருவரை அழைத்தோம். பல் பிடுங்குவதற்கு முன் ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்வது எங்களில் பலருக்குப் பழக்கம். ஸ்டென்ட் வைத்தவருக்கு அதை நிறுத்தினால் அடைப்பு வரலாம். பல் பிடுங்கிய இடத்து ரத்தத்தைப் பஞ்சு வைத்து அழுத்தியும் தையல் போட்டும் நிறுத்திக்கொள்ளலாம் என்று பொறுமையாகச் சொன்னார். இப்போது அவரவர் மருத்துவரைக் கேட்காமல் நாங்கள் யாரும் அந்த மாத்திரையில் கை வைப்பதில்லை.

வெற்றிலை பாக்கு, புகையிலை போடுகிறவர்கள் நம் பக்கம் நிறைய. அதனால் என்ன வலியோடு வந்தாலும் அவர்களுடைய மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வாய்க்குள் விடச் சொல்லிப் பார்க்கிறோம். போகவில்லை என்றால் வாயின் உள்தோல் இறுகிக்கொண்டிருக்கலாம். இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தால் தாமதிக்காமல் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறோம்.

நீங்களும் உங்கள் ஊரில் ஆரம்பிக்க நினைத்தால் பன்னிரண்டு பேரைத் தாண்டவிடாதீர்கள். கூட்டம் பெருத்தால் ஆள் வாயை மூடிக்கொள்வார். நோயாளியிடம் கேட்டுவிட்டே படத்தைக் காட்டுங்கள், பெயரும் முகமும் வேண்டாம். இம்பிளான்ட் (எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல் வேர்) கம்பெனிக்காரர் சாப்பாடு வாங்கித் தருகிறேன் என்பார். சாப்பிட்டுவிட்டு அவர் சரக்கைக் குறை சொல்ல நாக்கு வராது.

இரண்டு மாதம் முன்பு குழுவில் புதிதாகச் சேர்ந்த இளம் டாக்டர் தங்கச்சி, சிரிப்பு மாறிய ஒரு நோயாளியின் முன்-பின் படங்களைக் கொண்டுவந்தார். உண்மையிலேயே அருமையான வேலை. “நல்லாருக்கு தாயி, அடுத்த மாசம் மத்தத கொண்டாங்க” என்றார் அண்ணாச்சி. போன ஞாயிறு கொண்டுவந்தார். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குள் முறிந்து நின்ற ஃபைல், அதாவது கால்வாயைச் சுரண்டும் மெல்லிய ஊசி போன்ற கருவி. எடுப்பதா, தாண்டிப் போவதா, அப்படியே விட்டுவிட்டுக் கவனிப்பதா என்று ஒன்றரை மணி வரை பேசிக்கொண்டிருந்தோம். நோயாளியிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டதற்குத்தான் அவர் சற்று நேரம் பதில் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே போன் போட்டுச் சொல்லிவிட்டாராம்.