டாக்ஸிகாலஜி: வில்லில் பிறந்த சொல்

ஆய்வக அறிக்கைகளிலும் குற்றச் செய்திகளிலும் அடிக்கடி கண்ணில் படும் ‘டாக்ஸிகாலஜி’ (நஞ்சுகளை ஆராயும் துறை) என்ற சொல்லுக்குள் ஒரு வில் ஒளிந்திருக்கிறது. கிரேக்கத்தில் ‘டாக்ஸான்’ என்றால் வில். வில்லுக்குரியது ‘டாக்ஸிகான்’. அம்பு முனையில் தடவும் நஞ்சுக்கு ‘டாக்ஸிகான் ஃபார்மகான்’ என்று பெயர். வில்லுக்குரிய மருந்து என்று சொல்லலாம். நாளடைவில் இரண்டாவது சொல் உதிர்ந்துவிட்டது. ‘வில்லுக்குரியது’ மட்டும் லத்தீனுக்குப் போய் ‘டாக்ஸிகம்’ ஆகி, நஞ்சு என்ற பொருளைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டது. போதையேறுவதைச் சொல்லும் ‘இன்டாக்ஸிகேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரில் கிளைத்ததுதான்.

உதிர்ந்துபோன ‘ஃபார்மகான்’ இதைவிடச் சுவையானது. மருந்து, நஞ்சு, வசியப்பொருள் மூன்றுக்கும் அது பொதுச்சொல். தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. ‘காய்ச்சலுக்கு மருந்து குடித்தான்’ என்றால் ஒரு பொருள். ‘ஐயோ, மருந்தைக் குடிச்சிட்டான்’ என்று ஒருவர் பதறி ஓடிவந்தால் வேறு பொருள். ‘அவனுக்கு யாரோ மருந்து வச்சிட்டாங்க’ என்றால் மூன்றாவது. கிரேக்கர் ஒரே சொல்லில் அடக்கிய மூன்றையும் நாமும் ஒரே சொல்லில்தான் அடக்கியிருக்கிறோம்.

சொல் மட்டுமல்ல, பொருளும் அப்படித்தான் கைமாறுகிறது. தென் அமெரிக்கப் பழங்குடிகள் அம்பில் தடவிய க்யூராரே தசைகளைச் செயலிழக்கச் செய்து விலங்கைச் சாய்த்துவிடும். குடல் வழியாக அது பெரிதாக உடம்பில் ஏறாது என்பதால் வேட்டையாடிய இறைச்சியைத் தயங்காமல் சாப்பிடலாம். அதே க்யூராரேயை 1942இல் மான்ட்ரியலில் ஹெரால்ட் கிரிஃபித் என்ற மயக்க மருத்துவர் அறுவை சிகிச்சையில் தசைகளைத் தளர்த்தப் பயன்படுத்தினார். 16ஆம் நூற்றாண்டில் சுவிஸ் மருத்துவர் பாராசெல்சஸ் சொன்னதும் இதுதான்: எதையும் நஞ்சாக்குவது அதன் அளவே. நம்மிடம் அதற்கு அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழி இருக்கிறது.

சரி, தமிழில் இந்தத் துறையை எப்படிச் சொல்வது? நஞ்சியல், நச்சியல், நச்சுயியல், விஷவியல் என்று நான்கைந்து வடிவங்கள் புழங்குகின்றன. என் ஓட்டு நச்சியலுக்கு. நஞ்சு என்ற சொல் இன்னொரு சொல்லோடு சேரும்போது மெல்லினம் வல்லினமாகி ‘நச்சு’ ஆகும்: நச்சுப்பல், நச்சுக்கொடி, நச்சுப்புகை. மருந்து ‘மருத்து’வம் ஆனதும், இரும்பு ‘இருப்பு’ப்பாதை ஆனதும் இதே வழியில்தான். அப்புறம் நச்சு + இயல் சேரும்போது கடைசி உகரம் கெட்டு ‘நச்சியல்’ என்றே புணரும். இடையில் ‘யி’ வர வழியே இல்லை. ‘நச்சுயியல்’ என்று எழுதுகிறவர்களைத் தடுமாற வைத்தது ‘நச்சுயிரி’யாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஆனால் அங்கே இருக்கும் ‘யி’ உயிரிக்குச் சொந்தமானது: நச்சு + உயிரி.

வைரஸுக்கு நச்சுயிரி என்று பெயர் வைத்தவர் யாரோ, சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். லத்தீனில் ‘வைரஸ்’ என்றாலே நஞ்சுதான். சமஸ்கிருத ‘விஷ’மும் அதுவும் ஒரே மூலத்தில் பிறந்த சொற்கள்.

நச்சுக்குத் தமிழில் இன்னொரு முகமும் உண்டு. ‘நச்சு’ என்ற வினைக்கு விரும்பு என்று பொருள். திருக்குறளில் நன்றியில் செல்வம் அதிகாரத்தில் இரண்டும் ஒரே குறளில் வந்து மோதுகின்றன: ‘நச்சப் படாதவன் செல்வம் நடுவூருள் நச்சு மரம்பழுத் தற்று.’ யாரும் விரும்பி நாடாதவனுடைய செல்வம், ஊர் நடுவில் நச்சுமரம் பழுத்தது போல. முதல் நச்சு விருப்பம், இரண்டாவது நஞ்சு. இரண்டுக்கும் வேர் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் போதைப்பொருளைப் பற்றி எழுதும்போதெல்லாம் இந்தக் குறள் தானாக நினைவுக்கு வந்துவிடுகிறது.

இனி, குற்றச் செய்திகளில் டாக்ஸிகாலஜிக்கு முன்னால் வந்து நிற்கும் அடைமொழி. ‘ஃபாரன்சிக்’ என்பது லத்தீன் ‘ஃபோரம்’ என்பதிலிருந்து வந்தது. ரோமானியர் கூடி வழக்குரைத்த பொதுவெளி அது. ஆக, ஃபாரன்சிக் என்றால் மன்றத்துக்குரியது. அந்தச் சொல்லில் தடயம் எதுவும் இல்லை. தமிழில் மருத்துவத்தோடு சேரும்போது ‘சட்ட மருத்துவம்’ என்றும், அறிவியலோடு சேரும்போது ‘தடய அறிவியல்’, ‘தடயவியல்’ என்றும் சொல்கிறோம். ‘தடயவியல் நச்சியல்’ என்று எழுதினால் இரண்டு இயல்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கின்றன. ‘தடய நச்சியல்’ போதும். மூலச்சொல்லுக்கு நெருக்கம் ‘சட்ட’ என்பதுதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் இந்தத் துறை நாள் முழுக்கச் செய்யும் வேலையைப் பார்த்தால், ‘தடய’ என்ற தமிழ்ச்சொல்தான் அதற்குப் பொருத்தமாக அமைந்திருக்கிறது.

1830களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில், காப்பியில் வெள்ளைப் பாஷாணம் என்ற ஆர்சனிக் நஞ்சைக் கலந்து தாத்தாவைக் கொன்றதாக ஜான் போடில் என்பவர் மீது வழக்கு. வேதியியலாளர் ஜேம்ஸ் மார்ஷ் அன்றைய முறைப்படி சோதித்து, ஆர்சனிக்கின் மஞ்சள் வீழ்படிவைக் கண்டார். வழக்கு மன்றத்துக்கு வருவதற்குள் அந்த மாதிரி கெட்டுப்போனது. ஜூரிகளுக்குக் காட்டக் கையில் ஒன்றுமில்லை, போடில் விடுதலையானார். அந்த எரிச்சலில் மார்ஷ் உருவாக்கி 1836இல் வெளியிட்ட சோதனை வேறு வகை. சந்தேகப் பொருளைத் துத்தநாகத்தோடும் அமிலத்தோடும் குடுவையில் போட்டால், ஆர்சனிக் இருக்கும் பட்சத்தில் ஆர்சீன் வாயு கிளம்பும். அதைக் குழாயின் முனையில் கொளுத்தி, சுடரில் குளிர்ந்த பீங்கான் துண்டைக் காட்டினால், வெள்ளையில் கன்னங்கரேலென்று பளபளக்கும் ஒரு படலம் படியும். அந்தத் துண்டை மன்றத்தில் கையோடு கை மாற்றிப் பார்க்கலாம். துத்தநாகத்திலேயே ஆர்சனிக் கலந்திருக்கலாம் என்பதால் முதலில் வெறும் துத்தநாகத்தையும் அமிலத்தையும் மட்டும் வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். 1814இல் நஞ்சுகளைப் பற்றிப் பெருநூல் எழுதத் தொடங்கிய மத்தேயு ஓர்ஃபிலா, 1840இல் பிரான்ஸில் கணவருக்கு நஞ்சு வைத்ததாக மனைவி மீது நடந்த லஃபார்ஜ் வழக்கில் இந்தச் சோதனையை வைத்துத்தான் சாட்சி சொன்னார். பத்து ஆண்டு கழித்து பெல்ஜியத்தில் ஜான் ஸ்டாஸ் இறந்தவரின் உறுப்புகளிலிருந்து நிகோட்டினைப் பிரித்தெடுத்தார். தாவர நஞ்சு உடலில் சிக்காது என்ற நம்பிக்கை அத்தோடு போனது.

மார்ஷ் தேடியது நஞ்சையே. இன்றைய ஆய்வகம் பெரும்பாலும் தேடுவது அது விட்டுப்போன தடத்தை. உள்ளே போன பொருளை உடம்பு சும்மா விடாது. உடைக்கும், மாற்றும், வெளியேற்றும். அப்படி மாறியதை வளர்சிதைமாற்றப் பொருள் என்று பாடநூல்கள் நீட்டுகின்றன; சிதைபொருள் என்றால் போதாதா? கோகெய்ன் எடுத்தவரின் சிறுநீரில் தேடுவது பென்சாயில்எக்கோனின் என்ற சிதைபொருளை. ஹெராயின் ரத்தத்தில் சில நிமிடங்களில் உருமாறிவிடும். முதலில் 6-மோனோஅசிட்டைல்மார்ஃபின், பிறகு மார்ஃபின். மார்ஃபின் மட்டும் கிடைத்தால் ஹெராயின்தான் என்று சொல்ல முடியாது. கோடீன் மாத்திரையும் உடம்பில் ஓரளவு மார்ஃபினாகும், கசகசா தின்றாலும் சிறுநீரில் மார்ஃபின் வரும். இதனால்தான் அமெரிக்க அரசின் பணியிடச் சோதனை விதிகளில் ஓபியம் வகைக்கான வரம்பை 1998இல் மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000க்கு உயர்த்தினார்கள். 6-மோனோஅசிட்டைல்மார்ஃபின் கிடைத்தால் கதை வேறு. கசகசாவில் அது கிடையாது.

இந்த இடத்தில் இன்னொரு சொல்லையும் கவனிக்க வேண்டும்: பாசிட்டிவ். ‘சிறுநீர் நேர்மறையாக வந்தது’ என்று எழுதியிருந்த ஒரு மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ‘உண்டு’, ‘இல்லை’ என்ற எளிய சொற்கள் இருக்கும்போது நேர்மறை எதற்கு? சோதனைப் பட்டையில் இன்னொரு வம்பு. கர்ப்பச் சோதனையில் இரண்டாவது கோடு தெரிந்தால் உண்டு. போதைப்பொருள் பட்டையில் தலைகீழ். பட்டையில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் மருந்தும் சிறுநீரில் இருக்கும் மருந்தும் நிறமேறிய எதிர்ப்பொருளுக்காக (ஆன்டிபாடி: அந்த மருந்தைப் பற்றிக்கொள்ளும் புரதம்) போட்டிபோடுகின்றன. சிறுநீரில் மருந்து நிறைய இருந்தால் அதுவே எதிர்ப்பொருளை வாரிக்கொள்ளும்; இரண்டாவது கோடு விழாது. மங்கலாகவேனும் அந்தக் கோடு தெரிந்தால் ‘இல்லை’ என்றுதான் கொள்ள வேண்டும்.

பட்டை சொல்வது முதல்கட்டச் சேதி மட்டுமே. சளிக்குத் தரும் சூடோஎஃபெட்ரின் மருந்து, ஆம்ஃபெட்டமைன் என்ற போதைப்பொருளைப் போல வேடம் போட்டுச் சில சோதனைகளை ஏமாற்றிவிடும். உறுதி செய்ய ஜிசி-எம்எஸ் (கேஸ் குரோமடோகிராஃபி-மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி) போன்ற கருவிக்குப் போக வேண்டும். அதன் முதல் பாதி கலவையைத் தனித்தனியாகப் பிரிக்கும், இரண்டாம் பாதி ஒவ்வொரு மூலக்கூறையும் உடைத்துத் துண்டுகளின் நிறையைப் பார்க்கும். எந்த மூலக்கூறு என்பதைத் துண்டுகள் காட்டிக்கொடுத்துவிடும்.

உடலிலிருந்து எடுத்த எந்த மாதிரியைச் சோதிக்கிறோம் என்பதும் முக்கியம். முடி ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்வதால் சில மாதப் பழக்கத்தைச் சொல்லும், நேற்றிரவைச் சொல்லாது. சிறுநீர் சில நாள்களைச் சொல்லும். ஆனால் அந்த நேரத்தில் அந்த ஆள் போதையில் இருந்தாரா என்றால் வாய் திறக்காது. அதற்கு ரத்தம் வேண்டும். இறந்தவர் என்றால் ரத்தத்தையும் அப்படியே நம்பிவிட முடியாது: உறுப்புகளில் தங்கியிருந்த மருந்து இறந்த பிறகு இதய ரத்தத்துக்குள் கசியும். ஆகவே தொடை நாளத்திலிருந்து எடுப்பார்கள். உடல் அழுகும்போது நுண்ணுயிரிகளே சாராயம் காய்ச்சிவிடும் என்பதால் ரத்தக் குப்பியில் சோடியம் ஃப்ளோரைடு போட்டு வைப்பார்கள். சாராய அளவைச் சரிபார்க்கக் கண்ணுக்குள் இருக்கும் கூழ்நீரையும் எடுப்பதுண்டு.

அறிக்கையைத் தமிழில் எழுதும்போது ஒரு வரியில் மட்டும் கை நிதானிக்க வேண்டும். எல்லாச் சோதனையும் முடிந்து எதுவும் சிக்காதபோது ‘உடலில் நஞ்சு இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். தேடிய பொருள்களின் பட்டியல் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் கருவி காணக்கூடிய வரம்பு ஒன்று என இருக்கும்போது ஆய்வகத்தால் அப்படிச் சொல்ல முடியாது. பட்டியலில் இல்லாத பொருளைக் கருவி தேடியிருக்காது, வரம்புக்குக் கீழே கிடந்ததைப் பார்த்திருக்காது. எழுத வேண்டியது: ‘சோதித்த நஞ்சுகள் எவையும் கண்டறியப்படவில்லை.’