யானை தெரிந்தாலும் படகில் எழுந்து நிற்காதீர்கள்

தேக்கடி ஏரியில் 2009 செப்டம்பர் 30 அன்று இரட்டைத்தளப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாக நகர்ந்ததும் படகு சாய்ந்ததாகப் பிழைத்தவர்கள் சொன்னார்கள். இரண்டே ஆண்டில் பழவேற்காடு ஏரியிலும் படகு கவிழ்ந்தது. 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே 22 உயிர்கள் போயின.

காட்டு ஏரிகளில் படகுப் பயணம் போனால் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. யானையோ காட்டெருமையோ தெரிந்தால் எல்லோருக்கும் எழுந்து பார்க்கத்தான் தோன்றும். ஆள் எழுந்தால் பாரம் மேலே ஏறும். எல்லோரும் ஒரு பக்கம் போனால் படகால் நிமிர முடியாது. உட்கார்ந்தே பாருங்கள். லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைத்திருந்து பயனில்லை. படகு கவிழும்போது அதைத் தேடி மாட்ட நேரம் கிடைக்காது. ஏறும் முன்பே போட்டுக் கொக்கிகளை மாட்டுங்கள். பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் அளவு உதவாது, தலைவழியே கழன்றுவிடும்.

எங்கள் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு நீரில் மூழ்கி வருகிறவர்களில் சுற்றுலாப் பயணிகள் மட்டும் இல்லை. லாரி டியூபில் மிதந்து வலை கட்டுகிறவர்கள் வருவார்கள். வீச்சு வலையின் கயிறு மணிக்கட்டில் சுற்றியிருக்க, கால் வழுக்கி ஆழத்தில் விழுந்தவர்களும் உண்டு. குடித்துவிட்டு இறங்குவதுதான் இவர்களில் பலரைக் கொல்கிறது. இரவில் பறவை பிடிக்கக் கண்மாயில் இறங்குகிறவர்கள், வழக்குக்குப் பயந்து யாரையும் கூப்பிடாமல் இருந்துவிடுகிறார்கள். பறவை பிடிப்பது குற்றம்தான். ஆனால் கூட வந்தவன் மூழ்கினால் தயவுசெய்து முதலில் 108-ஐ அழையுங்கள்.

எனக்கு மிகவும் வேதனை தருவது கரையில் வீணாகும் நேரம். வெளியே எடுத்ததும் வயிற்றை அமுக்குகிறார்கள், தலைகீழாகப் பிடித்துச் சுற்றுகிறார்கள். வயிற்றிலிருந்து வரும் நீரும் சோறும் மூச்சுக்குழாய்க்குள் போய் நிலைமையை இன்னும் மோசமாக்கும். மூழ்கியவரைக் கொல்வது பிராணவாயு இல்லாமைதான். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து இரண்டு முறை ஊதுங்கள். அப்போதும் அசைவில்லை என்றால் நெஞ்சின் நடுவே 30 முறை அழுத்தி, மறுபடி இரண்டு மூச்சு. ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

எழுந்து உட்கார்ந்து பேசுகிறவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டாம். நுரையீரலுக்குள் போன நீரால் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறல் வரலாம். அதனால்தான் நன்றாக இருப்பவரையும் ஆறு முதல் எட்டு மணி நேரம் கண்காணிப்பில் வைக்கிறோம்.